பீரியட் தொடர்களில் நீராவி ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் பீரியட் தொடர்களில், அதாவது பழைய காலத்தில் நடக்கும் கதைகளில், நீராவி ரயில் வராத தொடர் குறைவு. புது வேலைக்காரர் பெட்டியோடு வந்து இறங்குவது, மகன் போருக்குப் புறப்படுவது, தந்தியைப் படித்துவிட்டு யாரோ அவசரமாகக் கிளம்புவது எல்லாமே ப்ளாட்பாரத்தில்தான் நடக்கும். அந்த ரயில் கதை நடக்கும் ஆண்டுக்குப் பொருந்துகிறதா என்று யோசிப்பவர்களுக்காக இந்தப் பக்கம். ரயில் பெட்டிகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். ரயில் தப்பாகும்போது கதையும் தப்பாவது அங்கேதான்.

திரையில் ஓடுவது நிஜ ரயில்தானா?

பெரும்பாலும் ஆமாம். பிரிட்டனின் மெயின் லைனில் நீராவிக்கு விடைகொடுத்த கடைசி ரயில் 1968 ஆகஸ்ட் 11 அன்று ஓடியது. அதற்கு முன்பிருந்தே ஆர்வலர்கள் ஒன்றுசேர்ந்து, மூடப்பட்ட கிளைப் பாதைகளை வாங்கி, தாங்களே ரயில் ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். சசெக்ஸில் உள்ள ப்ளூபெல் ரயில்வே 1960-ல் ஓடத் தொடங்கியது. யார்க்ஷயரின் கீத்லி – வர்த் வேலி பாதை 1968-ல் மறுபடி திறந்தது. பாரம்பரியப் பாதைகள் என்று சொல்லப்படும் இப்படிப்பட்ட பாதைகள் இன்று பல இருக்கின்றன. என்ஜின், பெட்டி, ஸ்டேஷன், சிக்னல், சீருடை போட்ட போர்ட்டர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால் படப்பிடிப்புக் குழுக்கள் அங்கே போகின்றன. நீங்கள் பார்க்கும் டிரைவரும், நெருப்புக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனும் பல சமயம் நடிகர்களே அல்ல, அந்தப் பாதையில் சம்பளம் வாங்காமல் உழைக்கும் தன்னார்வலர்கள்.

நிஜ ரயில் என்றால் தப்பு எப்படி வருகிறது?

சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்? எந்த என்ஜின்கள் உயிரோடு மிஞ்சினவோ அவைதான் திரைக்கு வரும். மிஞ்சியதற்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக் கடையின் கதை இருக்கிறது.

1960-களில் பிரிட்டிஷ் ரயில்வே ஆயிரக்கணக்கான நீராவி என்ஜின்களைக் காயலான் கடைக்கு விற்றது. வாங்கியவர்கள் உடனுக்குடன் வெட்டிப் போட்டார்கள். தெற்கு வேல்ஸில் பாரி என்ற துறைமுக ஊரில் இருந்த ஒரு கடையில் மட்டும் பழைய சரக்கு வேகன்களை வெட்டும் வேலையே மலைபோல் இருந்தது. என்ஜின்கள் வரிசைவரிசையாக, கடல் காற்றில் துருப்பிடித்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. அந்த இடைவெளியில் ஆர்வலர்கள் பணம் சேர்த்து ஒவ்வொன்றாக மீட்டார்கள். மொத்தம் 213 என்ஜின்கள் அங்கிருந்து தப்பித்தன. இன்றைக்குப் பாரம்பரியப் பாதைகளில் நீங்கள் பார்க்கும் என்ஜின்களில் பெரும்பங்கு இந்தக் கூட்டத்திலிருந்து வந்ததுதான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1960-கள் வரை வேலை பார்த்துக்கொண்டிருந்த என்ஜின்தான் பாரிக்கு வந்திருக்க முடியும். அவற்றில் பெரும்பாலானவை 1920-களுக்குப் பிறகு கட்டப்பட்டவை. கடை இருந்த இடம் காரணமாக, மேற்கு, தெற்குப் பகுதி என்ஜின்களே அங்கு அதிகம் வந்து சேர்ந்தன. 1890-ல் யார்க்ஷயரில் ஓடிய என்ஜின் வேண்டும் என்றால், அது மியூசியத்தில் இருக்கலாம் அல்லது எங்குமே இல்லாமல் போயிருக்கலாம். தொடர் எடுப்பவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். பல சமயம் அவர்களுக்கு வேறு வழியே இருப்பதில்லை.

1923, 1948 என்ற இரண்டு ஆண்டுகளை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

1923-க்கு முன் பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில் கம்பெனிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி வண்ணம், தனிச் சின்னம், தனிச் சீருடை. 1921-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, 1923 ஜனவரி 1 முதல் அவற்றில் மிகப் பெரும்பாலானவை நான்கு பெரிய கம்பெனிகளுக்குள் அடங்கின: கிரேட் வெஸ்டர்ன், எல்.எம்.எஸ்., எல்.என்.இ.ஆர்., சதர்ன். 1948 ஜனவரி 1 அன்று நான்கும் தேசியமயமாகி பிரிட்டிஷ் ரயில்வே ஆயின.

ஆகவே கதை நடக்கும் ஆண்டு தெரிந்தால், என்ஜினின் பக்கவாட்டில் என்ன எழுத்து இருக்கலாம், இருக்கக் கூடாது என்பது தெரிந்துவிடும். 1910-ல் நடக்கும் கதையில், என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் மேல் ‘சதர்ன்’ என்று பொறித்திருந்தால் அது பிறக்காத குழந்தைக்குப் போட்ட சட்டை.

இடமும் ஆண்டைப் போலவே முக்கியம். ‘டவுன்டன் அபே’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கதை 1912-ல், யார்க்ஷயரில் தொடங்குகிறது. அங்கே அப்போது நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் ராஜ்ஜியம். ஆனால் டவுன்டன் ஸ்டேஷனாக நாம் பார்ப்பது, நாட்டின் தெற்குக் கோடிக்குப் பக்கத்தில், சசெக்ஸில், ப்ளூபெல் பாதையில் இருக்கும் ஹார்ஸ்டெட் கெயின்ஸ். அந்த ஸ்டேஷனை 1923-க்குப் பிந்தைய சதர்ன் ரயில்வே காலத்துத் தோற்றத்தில் பராமரிக்கிறார்கள். கட்டடத்தின் அழகில் குறையே இல்லை. மரக் கூரையும் சுரங்க நடைபாதையும் கணப்பு எரியும் காத்திருப்பு அறையும் மனத்தை அள்ளும். வடக்கத்தி ஊருக்குத் தெற்கத்தி ஸ்டேஷன், பத்துப் பதினைந்து வருடம் தள்ளி, என்பதுதான் விஷயம். இந்தச் சமரசத்தை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போகும் கதாபாத்திரத்துக்கு இதனால் எதுவும் மாறிவிடவில்லை.

ரயில் வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லோருடைய கண்ணும் என்ஜினுக்குத்தான் போகும். நீங்கள் பின்னால் வரும் பெட்டிகளைப் பாருங்கள்.

பாரம்பரியப் பாதைகளில் அதிகம் ஓடுவது மார்க் 1 என்ற வகைப் பெட்டி. பிரிட்டிஷ் ரயில்வே இதை 1951 முதல் கட்டியது. உறுதியானது, பழுது பார்க்கச் சுலபம், எண்ணிக்கையும் ஏராளம். அதனால் 1920-களில் நடக்கும் கதையிலும் இது சாதாரணமாக வந்து நிற்கும். அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உடல் முழுக்க வழவழப்பான இரும்புத் தகடு. ஜன்னல்கள் பெரியவை, மூலைகள் வளைந்திருக்கும். பெரிய ஜன்னலின் மேல்பகுதியில் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் சிறிய கண்ணாடி இருக்கும்.

உண்மையான பழைய பெட்டி என்றால் பக்கங்களில் மரப் பலகை தெரியும். பலகைகள் சேரும் இடத்தில் மெல்லிய மரச் சட்டங்கள் ஓடி, கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். சிலவற்றின் கூரை நடுவில் இன்னொரு குட்டிக் கூரை எழும்பி, அதன் பக்கங்களில் வரிசையாகச் சின்னக் கண்ணாடிகள் இருக்கும். கதவு ஜன்னலை ஏற்றி இறக்க ஓட்டைகள் போட்ட தோல் வார் தொங்கும். வாரை இழுத்து, வேண்டிய ஓட்டையைப் பித்தளைக் குமிழில் மாட்டினால் ஜன்னல் அந்த உயரத்தில் நிற்கும். நடிகர் அந்த வாரைத் தொட்டு இழுத்தால் நல்ல பெட்டி கிடைத்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்க் 1 பெட்டிக்கு கிரேட் வெஸ்டர்னின் சாக்லேட்டும் கிரீமும் கலந்த வண்ணம் பூசினால் பார்க்கிறவர் எளிதில் ஏமாந்துவிடுவார். அந்தப் பகுதியில் 1950-களில் பிரிட்டிஷ் ரயில்வேயே சில ரயில்களுக்கு அதே வண்ணத்தை மறுபடி பூசியது. ஆகவே வண்ணத்தை நம்பாதீர்கள், ஜன்னலை நம்புங்கள்.

1860-ல் நடக்கும் கதையில் ஒருவர் ரயிலுக்குள் பெட்டி பெட்டியாக நடந்து போகிறார். முடியுமா?

முடியாது. என்னைக் கேட்டால் பீரியட் தொடர்களின் ரயில் பிழைகளில் மிகப் பெரியது இதுதான்.

அந்தக் காலத்துப் பெட்டியில் நடைவழியே கிடையாது. ஒரு பெட்டி பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு அறையும் பெட்டியின் முழு அகலத்துக்கு இருக்கும். இரண்டு பக்கமும் நேரடியாக வெளியே திறக்கும் கதவுகள். எதிரெதிரே இரண்டு நீண்ட இருக்கைகள். அவ்வளவுதான். ரயில் கிளம்பிவிட்டால் அடுத்த ஸ்டேஷன் வரும்வரை உள்ளே இருப்பவர்களோடுதான் இருந்தாக வேண்டும். எழுந்து போக இடம் இல்லை, யாரும் உள்ளே வரவும் வழி இல்லை. டிக்கெட் பரிசோதனையே ரயில் நிற்கும்போதுதான்.

இந்த அமைப்பு எப்படிப்பட்ட பயத்தை உண்டாக்கியது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1864 ஜூலை 9 இரவு, லண்டனில் நார்த் லண்டன் ரயில்வேயின் முதல் வகுப்பு அறை ஒன்றில் தாமஸ் பிரிக்ஸ் என்ற வங்கி அதிகாரி தாக்கப்பட்டு, தண்டவாளத்தில் தள்ளப்பட்டு இறந்தார். பிரிட்டனில் ரயிலுக்குள் நடந்த முதல் கொலை இதுதான். ஸ்டேஷனில் கதவைத் திறந்தபோது இருக்கையில் ரத்தமும், யாருடையதோ ஒரு தொப்பியும் இருந்தன. அந்தத் தொப்பி ஃபிரான்ஸ் முல்லர் என்பவரிடம் கொண்டுபோய்விட்டது. அவர் பாய்மரக் கப்பலில் அமெரிக்காவுக்குத் தப்ப, லண்டன் போலீஸ் நீராவிக் கப்பலில் ஏறி அவருக்கு முன்னால் நியூயார்க் போய்க் காத்திருந்து பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

பக்கத்து அறையில் ஆட்கள் இருந்தும் அந்தக் கொலையைத் தடுக்க யாராலும் முடியவில்லை. அதன்பின் சில கம்பெனிகள் அறைகளுக்கு இடையே உள்ள தடுப்பில் வட்டமான சிறு கண்ணாடி பதித்தன. மக்கள் அதற்கு ‘முல்லர் விளக்கு’ என்றே பெயர் வைத்தார்கள். 1868-ல் வந்த சட்டம், நிற்காமல் 20 மைலுக்கு மேல் ஓடும் ரயிலில் பயணிகள் ரயில் ஊழியருக்குத் தகவல் சொல்ல ஏதாவது வழி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஆபத்துச் சங்கிலிக்கு முன்னோடி அதுதான். ஆரம்பத்தில் அது பெட்டிக்கு வெளியே, ஜன்னலுக்கு மேலே ஓடும் ஒரு கயிறு. கையை வெளியே நீட்டித்தான் இழுக்க வேண்டும்.

முழு ரயிலிலும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கும்படி இணைத்த முதல் ரயிலை கிரேட் வெஸ்டர்ன் 1892-ல் விட்டது. மற்ற கம்பெனிகள் பின்தொடர்ந்தன. அப்போதும் உள்ளூர் ரயில்களில் பழைய மூடிய அறைகளே பல பத்தாண்டுகள் நீடித்தன.

இதைப் பெரிய பிழை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. விக்டோரியா காலத்துப் பெண் ஒருத்தி தனியாக அறையில் உட்கார்ந்திருக்கிறாள், ரயில் நகரும் கடைசி நொடியில் முன்பின் தெரியாத ஒருவர் ஏறிக் கதவைச் சாத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாற்பது நிமிடம் அவளுக்குத் தப்பிக்க வழியே இல்லை. பெண்களுக்கு மட்டும் என்று தனி அறைகள் வந்தது இதனால்தான். அதே காட்சியை நடைவழி உள்ள பெட்டியில் எடுத்தால் அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடலாம். பார்வையாளர் மனதில் அந்த இறுக்கம் வராது. பெட்டி தப்பானால் காட்சியின் உயிரே போய்விடுகிறது.

அப்போது சாப்பாடு, கழிப்பறை, வெளிச்சம், குளிருக்கு என்ன செய்தார்கள்?

சாப்பாட்டுக்கு ரயில் நிற்க வேண்டும். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து போகும் ரயில் யார்க்கில் 20 நிமிடம் நிற்கும். கிரேட் வெஸ்டர்ன் ரயில்கள் எல்லாம் ஸ்விண்டனில் 10 நிமிடம் நிற்கும், 1895 வரை அந்த வழக்கம் இருந்தது. அந்த 10 நிமிடத்தில் ஒரு ரயில் கூட்டமே இறங்கி ஓடி, கொதிக்கும் சூப்பை வாயில் ஊற்றிக்கொண்டு திரும்பி ஓடி வரும். எந்தத் தொடராவது இதை முழுதாகக் காட்டினால் நன்றாக இருக்கும். ஓடும் ரயிலில் சமைத்துப் பரிமாறும் பெட்டி 1879-ல், லண்டன் – லீட்ஸ் தடத்தில் தொடங்கியது.

கழிப்பறை 1880-கள் வரை சாதாரணப் பயணிக்கு அரிது. அதனால்தான் ஸ்டேஷனில் இறங்குவதற்கு அவ்வளவு அவசரம்.

குளிருக்கு, வெந்நீர் நிரப்பிய தட்டையான இரும்பு டப்பாக்களைப் போர்ட்டர்கள் கொண்டுவந்து காலடியில் வைப்பார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது ஆறிவிடும். அப்புறம் கம்பளிதான். என்ஜினிலிருந்து நீராவியைக் குழாய் வழியாகப் பெட்டிகளுக்குக் கொண்டுபோகும் முறை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது.

வெளிச்சம் முதலில் எண்ணெய் விளக்கு. ஆள் கூரைமேல் ஏறி நடந்து, மேலே இருக்கும் ஓட்டை வழியாக விளக்கை இறக்குவார். அப்புறம் காஸ். அதன் பின் மின்விளக்கு. ஆனால் மின்விளக்கு வந்ததும் காஸ் போய்விடவில்லை. 1915 மே 22 அன்று ஸ்காட்லாந்தின் குவின்டின்ஷில்லில் ரயில்கள் மோதியபோது, படைவீரர்கள் வந்த பழைய மரப் பெட்டிகளில் இருந்த காஸ் பற்றி எரிந்தது. 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆகவே முதல் உலகப் போர்க் காலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குள் சீரான வெள்ளை வெளிச்சம் பளிச்சென்று அடித்தால் சற்று யோசியுங்கள். மங்கலான மஞ்சள் ஒளிதான் அந்தக் காலத்துக்குப் பொருத்தம்.

1930-களின் கதையில் ‘இரண்டாம் வகுப்பு டிக்கெட்’ என்று வசனம் வருகிறது. சரியா?

அநேகமாகத் தப்பு. 1875-ல் மிட்லண்ட் ரயில்வே இரண்டாம் வகுப்பை எடுத்துவிட்டு முதல், மூன்றாம் வகுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டது. மற்றவர்களும் மெல்ல மெல்ல அதே வழிக்கு வந்தார்கள். 1930-களில் கப்பல் பயணிகளுக்கான ரயில்கள் போன்ற சில இடங்களைத் தவிர, முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு இரண்டுதான். நடுவில் ஒன்று இல்லை. 1956 ஜூன் 3 அன்றுதான் மூன்றாம் வகுப்புக்கு இரண்டாம் வகுப்பு என்று பெயர் மாற்றினார்கள். பெட்டிக் கதவில் 3 என்ற எண் இருந்தால் கலை இயக்குநர் விஷயம் தெரிந்தவர்.

டிக்கெட் பெரும்பாலும் சரியாக இருக்கும். விரல் நீளத்துக்குச் சின்ன அட்டை, அதில் அச்சிட்ட வரிசை எண். தாமஸ் எட்மன்சன் வகுத்த அந்த முறை 1840-களில் பரவி 20-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை நிலைத்ததால், எந்த ஆண்டுக் கதைக்கும் அது பொருந்திவிடுகிறது.

என்ஜினைப் பார்த்து ஆண்டு சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். முகத்தில் ஐந்து இலக்க எண் பலகை இருந்தால் முதல் இலக்கத்தைக் கவனியுங்கள். 1948-க்குப் பிறகு பிரிட்டிஷ் ரயில்வே, சதர்ன் என்ஜின்களின் எண்ணோடு 30000-ஐயும், எல்.எம்.எஸ். என்ஜின்களோடு 40000-ஐயும், எல்.என்.இ.ஆர். என்ஜின்களோடு 60000-ஐயும் கூட்டியது. கிரேட் வெஸ்டர்ன் என்ஜின்கள் மட்டும் பழைய எண்ணையே வைத்துக்கொண்டன. ஆகவே 1930-களின் கதையில் 6-ல் தொடங்கும் ஐந்து இலக்க எண்ணோடு எல்.என்.இ.ஆர். என்ஜின் வந்தால் எண்ணை மாற்ற மறந்திருக்கிறார்கள். சிவப்பு மின்னல் படம் போட்ட சின்ன வெள்ளைத் தகடு பாய்லர் பக்கம் ஒட்டியிருந்தால் அது 1960 முதல் வந்தது. தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறது, ஏறாதே என்று ஊழியர்களை எச்சரிக்கும் தகடு அது.

‘பிளாக் ஃபைவ்’ என்ற எல்.எம்.எஸ். வகையை அடிக்கடி பார்ப்பீர்கள். 842 கட்டினார்கள், 18 மிஞ்சியிருக்கின்றன, எதற்கும் கைகொடுக்கும் என்ஜின். முதலாவது வெளியே வந்தது 1934-ல். அதற்கு முந்தைய கதையில் அது வரக் கூடாது.

புகழ்பெற்ற ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்’ என்ஜினிலும் இதே சிக்கல்தான். அது கட்டப்பட்டது 1923-ல் என்பதால் 1930-களின் கதைக்குப் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் இன்று அது நிற்கும் கோலம் வேறு. இரட்டைப் புகைபோக்கியும், முன்பக்கம் இரு புறமும் புகையைத் தள்ளிவிடும் தகடுகளும் 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் சேர்த்தவை. பெயர் பழையது, முகம் புதியது.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என்ஜின் முகத்து விளக்குகள் உண்டு. அவை வழியைக் காட்டுவதற்கு அல்ல, வருவது என்ன ரயில் என்று சிக்னல்காரருக்குச் சொல்வதற்கு. கீழே இரு முனைகளிலும் ஒவ்வொரு விளக்கு என்றால் எக்ஸ்பிரஸ். மேலே புகைபோக்கி அருகே ஒன்றே ஒன்று என்றால் எல்லா ஊரிலும் நிற்கும் பயணிகள் ரயில். சதர்ன் மட்டும் வழித்தடத்தைக் குறிக்கும் வேறு முறை வைத்திருந்தது.

கைகாட்டியில் ஏதாவது கவனிக்க இருக்கிறதா?

ஒன்று இருக்கிறது, அதுவும் நிறம்தான். முனையில் மீன்வால் போல வெட்டிய கைகாட்டி, அடுத்து வரும் சிக்னலைப் பற்றி முன்கூட்டியே எச்சரிப்பது. இன்று அது மஞ்சள். ஆனால் 1920-களின் நடுப்பகுதிவரை அதுவும் சிவப்பாகவே இருந்தது. 1912-ல் மஞ்சள் கைகாட்டி தெரிந்தால் அது பின்னாளையது. இதற்காகத் தொடர்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இன்று அந்தப் பாதையில் ஓடும் ரயில்களுக்கான நிஜப் பாதுகாப்புச் சிக்னல், படப்பிடிப்புக்காக நிறம் மாற்றச் சொல்ல முடியாது.

சத்தம் சரியாக இருக்குமா?

படத்தைவிடச் சத்தத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். இரண்டு சிலிண்டர் என்ஜின், சக்கரம் ஒரு முறை சுற்றும்போது நான்கு முறை ‘சுக்’ என்னும். மூன்று சிலிண்டர் என்றால் ஆறு. சக்கரம் மெதுவாகச் சுற்ற, சத்தம் மட்டும் படபடவென்று ஓடினால் சத்தத்தை வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஊதலும் அப்படியே. கம்பெனிக்குக் கம்பெனி ஊதல் மாறும். அமெரிக்க என்ஜினின் பல குரல் சேர்ந்த நீண்ட ஊளை பிரிட்டிஷ் கிராமத்தில் கேட்டால் காதில் உறுத்தும்.

தண்டவாளத்தின் ‘டடக் டடக்’ துண்டுத் தண்டவாளங்களின் இடைவெளியில் பிறப்பது. அந்தக் காலத் தண்டவாளம் துண்டு துண்டாக இருந்தது, அதைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான ஸ்லீப்பர்கள் மரம். கான்கிரீட் ஸ்லீப்பர் கண்ணில் பட்டால் அந்தத் தடம் விக்டோரியா காலத்தது அல்ல.

ஏன் எப்போதும் கரும்புகை?

கேமராவுக்காக. நன்றாக எரியும் நெருப்பிலிருந்து அவ்வளவு கரும்புகை வராது. கரும்புகை என்றால் கரி முழுதாக எரியாமல் வீணாகிறது என்று பொருள். ஸ்டேஷனில் நிற்கும்போது கரும்புகை கக்கவிட்ட ஃபயர்மேன் மேலதிகாரியிடம் திட்டு வாங்குவார். படப்பிடிப்பில் இயக்குநர் புகை கேட்பதால் வேண்டுமென்றே கரியை அள்ளிப் போடுகிறார்கள்.

கிளம்பும்போது சக்கரத்தருகே ‘உஸ்ஸ்’ என்று வெள்ளையாகப் பீறிடுவது வேறு, அது நிஜம். நின்றுகொண்டிருக்கும்போது சிலிண்டருக்குள் நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது, அப்படியே நகர்ந்தால் சிலிண்டரே உடையலாம். அதனால் அடியில் உள்ள குழாய்களைத் திறந்து, சில சுற்றுக்கு வெளியே ஊதிவிடுவார்கள். அந்த வெள்ளைத் திரைக்குள்ளிருந்து கதாநாயகன் நடந்து வரும் காட்சியைக் கண்டு இது நாடகத்தனம் என்று நினைக்க வேண்டாம். அது அன்றாடம் நடந்ததுதான்.

எக்ஸ்பிரஸ் என்கிறார்கள், ஆனால் மெதுவாகப் போவதுபோல் இருக்கிறதே?

பாரம்பரியப் பாதைகளில் வழக்கமான வேக வரம்பு மணிக்கு 25 மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர். அதனால்தான் சக்கரத்தை நெருக்கமாகக் காட்டுவார்கள், ஜன்னலுக்கு வெளியே மரங்களை ஓடவிடுவார்கள். பெரும்பாலான பாதைகள் ஒற்றைத் தடம் வேறு. லண்டன் எக்ஸ்பிரஸ் ஒற்றைத் தடத்தில், புல் முளைத்த கரையோரம் போனால் அது கிளைப் பாதை என்று தெரிந்துவிடும். இரட்டைத் தடத்தில் மெயின் லைன்போலக் காட்ட வேண்டுமானால் லஃப்பரோவில் உள்ள கிரேட் சென்ட்ரல் ரயில்வேக்குப் போகிறார்கள்.

1830 முதல் 1890 வரை நடக்கும் கதைகளுக்கு என்ன செய்கிறார்கள்?

மிகக் கஷ்டமான காலம் இது. 1829-ன் ‘ராக்கெட்’ என்ஜினுக்கு 1979-ல் செய்த ஓடும் மாதிரி ஒன்று இருக்கிறது. 1863-ல் கட்டிய ஃபர்னஸ் ரயில்வேயின் 20-ஆம் எண் என்ஜினை ஓடும் நிலைக்கு மீட்டிருக்கிறார்கள். 1870-களுக்கு ப்ளூபெல் பாதையின் ‘டெரியர்’ வகைக் குட்டி என்ஜின்கள் கைகொடுக்கும். அவற்றில் ஒன்றான ‘ஃபென்சர்ச்’ 1872-ல் பிறந்தது. கையில் எண்ணிவிடலாம்.

மேற்கு இங்கிலாந்துக் கதை என்றால் இன்னொரு சிக்கல். பொறியாளர் புருனெல் அமைத்த கிரேட் வெஸ்டர்ன் பாதையின் அகலம் 7 அடி கால் அங்குலம். மற்ற இடங்களில் 4 அடி எட்டரை அங்குலம். அகலப் பாதை 1892 மே மாதம் முழுதாக முடிவுக்கு வந்தது. இன்று டிட்காட்டில் ஒரு சிறு துண்டும், 2005-ல் முடித்த ‘ஃபயர் ஃபிளை’ மாதிரி என்ஜினும் இருக்கின்றன. அதனால் 1850-ன் பிரிஸ்டல் கதையில் பாதை சரியான அகலத்தில் அமைவது அபூர்வம்.

போர்க்காலத் தொடர்களில்?

1940-ல் எதிரி இறங்கினால் வழி தெரியக் கூடாது என்று ஸ்டேஷன்களின் பெரிய பெயர்ப் பலகைகளை எடுத்தார்கள். ஆகவே 1941-ல் ப்ளாட்பார முனையில் பெரிய எழுத்தில் ஊர்ப் பெயர் நின்றால் அது தப்பு. இருட்டில் தடுக்கி விழாமல் இருக்க ப்ளாட்பார ஓரத்தில் வெள்ளை பூசினார்கள். நெருப்பின் வெளிச்சம் விமானத்துக்குத் தெரியாமல் இருக்க என்ஜின் கேபினுக்கு மேல் படுதா கட்டினார்கள், கோடை இரவில் அதற்குள் வேலை செய்தவர்களின் நிலைமையை நினைத்தாலே வியர்க்கிறது. துடைக்க ஆள் இல்லாமல் என்ஜின்கள் கரி படிந்து கிடந்தன. போர்க்காலக் கதையில் பளபளவென்று மின்னும் என்ஜின் பொருந்தாது. மாறாக, 1905-ன் கதையில் அழுக்கு என்ஜின்தான் பொருந்தாது. அப்போது என்ஜின் துடைக்கவே பையன்கள் கூட்டம் இருந்தது. துடைப்பவனாகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, பல ஆண்டு கழித்து டிரைவர் ஆவதுதான் அந்த வேலையின் படிக்கட்டு.

தொடர்கள் பெரும்பாலும் சரியாகச் செய்யும் விஷயம் ஏதாவது உண்டா?

உண்டு, நிறையவே. கார்டு பச்சைக் கொடி காட்டும் விதம், ஃபயர்மேன் கரியை நெருப்பின் எந்த மூலைக்கு வீசுகிறார் என்பது, பெட்டிகளை மாட்ட ஆள் தடத்தில் இறங்கிக் குனிவது எல்லாம் பெரும்பாலும் அச்சு அசலாக இருக்கும். அந்த வேலையைத் தெரிந்தவர்களே அதைச் செய்வதால் அப்படி.

அடுத்த முறை ரயில் ஸ்டேஷனை விட்டுப் போகும் காட்சி வரும்போது, அழுதுகொண்டு நிற்பவரின் தோளுக்கு அப்பால் கடைசிப் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சிவப்பு விளக்கு தொங்கும். ஒவ்வொரு சிக்னல்காரரும் ரயில் கடக்கும்போது அதைத் தேடுவார். விளக்கு இருந்தால் ரயில் முழுதாகப் போய்விட்டது என்று பொருள். இல்லையென்றால் நடுவில் எங்கோ பெட்டி கழன்று தடத்திலேயே நிற்கலாம், பின்னால் வரும் ரயிலை உடனே நிறுத்தியாக வேண்டும். கதைக்கு அந்த விளக்கால் எந்தப் பயனும் இல்லை, பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கவனிக்கப்போவதும் இல்லை. படப்பிடிப்பு நாளிலும் யாரோ ஒரு தன்னார்வலர் அதைத் துடைத்துக் கொண்டுவந்து மாட்டியிருப்பார்.